சைக்கிளா, ஆளா?

யுத்தத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் சைக்கிள் பந்தயத்தில் ஜெயிக்கும்போதெல்லாம், கூட்டத்தில் யாராவது ஒருவர் அவர் காதில் விழும்படியே சொல்வார்: "அவனா ஜெயிச்சான்? சைக்கிள்தான் ஜெயிச்சுது!"

அவர் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். ஆனால் சாப்பிடும்போது சிரிப்பு இருக்காது.

மலாயாவில் கோலா சாவா பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். அவர் அங்கே மண்டோர். பால்வெட்டு ஆட்களை மேற்பார்வையிடும் வேலை. கல்யாணத்துக்கு முன்பே சிரம்பானில் ஓர் இங்கிலாந்துச் சைக்கிள் வாங்கியிருந்தார். மூன்று கியர் உள்ளது. கைப்பிடியில் இருக்கும் சின்ன விசையைத் தள்ளினால் 'கிளுக்' என்று ஒரு சத்தம் வரும், மேடு ஏறுவது இலேசாகிவிடும். தோட்டத்தில் வேறு யாரிடமும் அப்படிப்பட்ட வண்டி கிடையாது.

எல்லாப் பந்தயத்திலும் இரண்டாவதாக வருகிறவர் ஒருவர் இருந்தார். ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரில் இஞ்சின் பார்க்கும் மெக்கானிக். சொந்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இவரை மச்சான் என்றும் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிடுவார். ஒடிந்த சைக்கிள்களிலிருந்து கிடைத்ததை எல்லாம் சேர்த்து அவரே கட்டிய வண்டியில்தான் ஓடுவார். "உன் சைக்கிள எங்கிட்ட ஒரு நாள் குடு மச்சான், அப்புறம் பாப்போம்" என்பார். என் வீட்டுக்காரர் கொடுக்கமாட்டார். ஏன் கொடுக்கவில்லை என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது.

ஜப்பான்காரர்களும் சைக்கிளில்தான் வந்தார்கள். பால்மரங்களுக்குள் ஒளிந்து நின்று பார்த்தோம். டயர் கிழிந்துபோனவர்கள் வெறும் ரிம்மிலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். கல்ரோட்டில் அந்த இரும்புச் சத்தத்தில் காது கூசியது. எல்லோரும் பயந்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் கழுத்தை நீட்டி, "டயரே இல்லாம எப்படி மிதிக்கிறானுங்க பாரு!" என்றார். நான் அவர் வாயைப் பொத்தினேன்.

அந்த வாரமே தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவன் குடியேறினான். ஒருநாள் பிரட்டுக்களத்தில் வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் நேரத்தில், எங்கள் சைக்கிளைப் பார்த்து விரலை நீட்டினான். அவ்வளவுதான். சைக்கிள் போய்விட்டது.

அதற்குப் பிறகு இவரும் ஒரு பழைய சட்டத்தைத் தேடிப்பிடித்து வண்டி கட்டினார். டயர் எங்கே கிடைக்கும்? ரப்பர் ஷீட்டை நாடாவாக வெட்டி, ரிம்மைச் சுற்றி இறுக்கிக் கம்பியால் கட்டினார். பிரேக் இல்லை, நிற்க வேண்டுமானால் பின் சக்கரத்தில் குதிகாலை அழுத்த வேண்டும். அரிசி தேடிக் கோலா கிளாவாங் மலைப்பக்கம் போகவர அந்த வண்டிதான் உதவியது. அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்து கிடந்தபோது நானும் அதில் ஓட்டப் பழகினேன். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுவேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள்.

மெக்கானிக்குக்கு இப்போது பங்களாவில் வேலை. கார், விளக்கு இஞ்சின், சைக்கிள் எல்லாவற்றையும் அவர்தான் பார்க்க வேண்டும். ஒருநாள் காலை அவர் எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் எங்கள் சைக்கிள்.

"அதிகாரி சிரம்பானுக்குப் போயிட்டான். சாயந்தரந்தான் வருவான். இன்னைக்குத் தெரிஞ்சுக்குவமா மச்சான்?"

நான் பதறிப்போனேன். "அண்ணே, உங்களுக்குப் பைத்தியமா? மாட்டுனா தலை இருக்காது."

"மாட்டமாட்டேன்லா தங்கச்சி. தொடச்சி வச்சிருவேன்."

அரிசி இல்லை, உப்பு இல்லை, தெரிந்தவர்கள் பாதிப்பேரை ரயில்பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த நேரத்தில் இரண்டு பெரிய மனிதர்களுக்கு இது ஒரு கேள்வியா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. நல்ல சோறு சாப்பிட வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறொன்றைப் பற்றி யோசித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு உண்டு. கீழே ஓடைப்பாலம், மேலே பெரிய நாவல்மரம். பாலத்திலிருந்து மரம்வரை ஓட்டம். நான் மரத்தடியில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் ஓட்டத்தில் இவர் தன் இங்கிலாந்துச் சைக்கிளில் வந்தார். மெக்கானிக் ரப்பர் நாடா வண்டியில். இவர் சுலபமாக ஜெயித்தார். மரத்தைத் தொட்டுத் திரும்பிப் பார்க்கும்போது மெக்கானிக் மேட்டின் பாதியைத்தான் தாண்டியிருந்தார்.

கொஞ்சநேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு வண்டியை மாற்றிக்கொண்டார்கள். இரண்டாவது ஓட்டம். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். வண்டி மேடெல்லாம் 'தடக் தடக்' என்று குதித்தது. மெக்கானிக் விசையைத் தள்ளிய 'கிளுக்' சத்தம் மேலே எனக்குக் கேட்டது. அவர் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்து மரத்தைத் தொட்டார்.

இவர் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஒரு வேரில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"அப்ப ஊர்ல சொன்னது சரிதான். சைக்கிள்தான் ஜெயிச்சிருக்கு."

மெக்கானிக் சைக்கிளை மரத்தில் சாய்த்து வைத்தார். இவ்வளவு நாள் எதிர்பார்த்திருந்த பதில் வந்துவிட்டது. அதில் அவருக்கும் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

"நான் ஓட்டிப் பாக்குறேன்" என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். மறுபடி பாலத்துக்கு இறங்கினோம். நான் நல்ல சைக்கிளில், இவர் நாடா வண்டியில். விசையைத் தள்ளியதும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. இப்படியும் ஒரு சுகமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, இவர் தடதடவென்று என்னைத் தாண்டிப் போய்விட்டார். அவ்வளவு நல்ல வண்டியை வைத்துக்கொண்டும் நான் தோற்றேன்.

மேலே போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒன்று தோன்றியது.

"ஏங்க, நல்ல வண்டியில நீங்க வந்தப்ப அண்ணன் பாதி மேட்டுலதான் இருந்தாரு. அண்ணன் அதே வண்டியில வந்தப்ப நீங்க ரெண்டு மரத் தூரந்தான் பின்னால இருந்தீங்க. அந்த வித்தியாசம் யாரோடது? சைக்கிளோடதா?"

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நின்று திரும்பிச் சரிவைப் பார்த்தார், அந்தத் தூரம் இன்னும் அங்கே கிடப்பதுபோல. முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அதெல்லாம் சொல்லாத தங்கச்சி" என்றார் மெக்கானிக் உடனே. "மொத ஓட்டத்துல எனக்கு அந்த நாடா வண்டி புதுசு. பழகின வண்டியா இருந்தா விட்டிருப்பனா?"

"புதுசா? ஒடிஞ்ச சைக்கிளச் சேர்த்துக் கட்டி ஓட்டியே பழகினவன்தானே நீ?" என்றார் இவர்.

பிறகு இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மெக்கானிக் ஓடையிலேயே சைக்கிளைக் கழுவித் துடைத்து எடுத்துப் போனார். ஆனால் அதிகாரி சீக்கிரமே திரும்பிவிட்டான். மட்கார்டின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த செம்மண் அவன் கண்ணில் பட்டது. மெக்கானிக்கைக் கன்னத்தில் மாற்றி மாற்றி அறைந்து, பொழுது சாயும்வரை வெயிலில் நிற்கவைத்தானாம். சேதி கேட்டு இவர் பங்களாவுக்குக் கிளம்பினார், தானும் சேர்ந்துதான் ஓட்டியதாகச் சொல்ல. தெருமுனையிலேயே மெக்கானிக் எதிரே வந்தார். உதடு வீங்கியிருந்தது.

"நீ போனா ரெண்டு பேருக்கும் அடி. பேசாம இரு மச்சான்." பிறகு கோணல் வாயால் சிரித்தார். "ஓட்டிப் பாத்தாச்சுல்ல?"

நான் மஞ்சளரைத்துக் கன்னத்தில் பற்றுப் போட்டேன். அப்போதும் அந்த நாடா வண்டியைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஜப்பான்காரன் சரணடைந்தபின் அந்தச் சைக்கிள் ஏதோ ஒரு லாரியில் ஏறிப் போய்விட்டது. மெக்கானிக் வேலை தேடிச் சிங்கப்பூருக்குக் கிளம்பினார். அவர் மனைவி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், பங்களா அடுப்படியில் அவருக்குத் தினமும் ஒருவேளை அரிசிச்சோறு கிடைத்தது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் அந்தக் காலமெல்லாம் மரவள்ளிக்கிழங்கைத்தான் தின்றோம். அப்படியானால் அந்த மேட்டில் சோறு தின்ற கால் ஒன்று, கிழங்கு தின்ற கால் ஒன்று. இதை நாங்கள் யாருமே கணக்கில் சேர்க்கவில்லையே!

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அவன் தின்னிருக்கமாட்டான். வீட்டுல நாலு புள்ளைங்க."

மறுநாள் அவளிடமே கேட்டேன். சோற்றை இலையில் பொதிந்து பிள்ளைகளுக்குத்தான் கொண்டுவருவார் என்றாள். "அப்ப அவரு என்னத்த சாப்பிட்டாரு?" என்றேன். அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டபடி, "நான் கேக்கலியே" என்றாள்.

அந்தக் காலையில் அவர் என்ன சாப்பிட்டுவிட்டு அந்த மேட்டில் ஏறினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.