ஏழாம் மாதத்து மணியகாரர்

சாலொமோன் ராஜாவின் அரண்மனைக்குச் சாப்பாடு அனுப்ப நாடு முழுவதும் பன்னிரண்டு மணியகாரர்கள் இருந்தார்களாம். ஆளுக்கு ஒரு சீமை, ஆண்டில் ஒரு மாதம். வளைகுடாவில், மங்காஃபில் வாடகை வில்லா ஒன்றின் ஹாலில், வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்கு பைபிள் வகுப்பு எடுத்த டீச்சர் இதை நாடகமாகப் போட்டபோது, ஒன்பது வயதான எனக்கு ஏழாம் மாதம் கிடைத்தது. வசனம் கிடையாது. கூடையை ராஜாவின் முன் வைத்துவிட்டு நிற்க வேண்டும். காகிதப் பழங்கள் போதும் என்றார் டீச்சர். எனக்குப் போதவில்லை.

நாடகத்தன்று அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. காலையில் அப்பா, அவருடைய கம்பெனி தொழிலாளர்கள் தங்கியிருந்த கேம்புக்கு என்னை அழைத்துப்போனார். அங்கே அவர்தான் கேம்ப் பாஸ். யாருக்கு எந்த ரூம், யாருடைய லீவு பேப்பர் ஆபீசுக்குப் போகும் என்பதெல்லாம் அவர் கையில். கம்பெனி முதலாளியை நான் பார்த்ததே இல்லை. அங்கிருந்தவர்களிலும் பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்பா தண்ணீர் டேங்கைப் பார்க்க மாடிக்குப் போனதும் நான் கூடையோடு கிளம்பினேன். நீண்ட வராந்தாவில் காய்ந்த சட்டைகளுக்குள் வெயில் புகுந்து, நீலமும் பச்சையுமாகத் தரையில் விழுந்துகிடந்தது. ஏசிகள் முனகிக்கொண்டிருந்தன. தூக்கத்துக்குள் நடப்பது போலவே இருந்தது. வாசல் வாசலாக நின்று, "ராஜாவுக்குச் சாப்பாடு வேணும்" என்றேன். சிரித்தபடி ஆப்பிள், பேரீச்சம்பழம், பிஸ்கட் எல்லாம் போட்டார்கள். கடைசி ரூமில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து, ஊரிலிருந்து வந்த அதிரசப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்து வைத்தார்.

"அப்பாகிட்ட எம்பேரச் சொல்லு பாப்பா. மறந்துறாத."

எல்லோரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அம்மாவின் துப்பட்டாவால் கூடையை மூடிக் காரின் பின்னால் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மேடையில் என் கூடைதான் பெரியது. ராஜாவாக இருந்த பையன் பொட்டலத்தைப் பிரித்து, சிம்மாசனத்திலேயே ஓர் அதிரசம் தின்றான். ஹாலே கைதட்டியது. கடைசி வரிசையில் அப்பா மட்டும் தட்டவில்லை.

"யாரு தந்தா மக்ளே?" என்று காரில் கேட்டார். நான் ஒரு பெயர்கூட விடாமல் ஒப்பித்தேன். பாராட்டுவார் என்று பார்த்தேன். அவர் வண்டியைக் கேம்புக்குத் திருப்பினார்.

ரூம் ரூமாகப் போய் மீதி இருந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தார். புதுக்கோட்டைக்காரர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"பாப்பாவுக்குப் புடிக்கலையா சார்? வேற ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க."

"ஒண்ணும் வேண்டாம். உங்க லீவு பேப்பர் போன வாரமே போயாச்சு. இருங்க."

அவர் உட்காரவில்லை. பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாங்கள் வராந்தா முனை திரும்பும்வரை நின்றுகொண்டேயிருந்தார்.

காரில் ஏறியும் அப்பா சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கில் கைவைத்தபடி அப்படியே இருந்தார். வெளியே புழுதி மஞ்சளாக மிதந்தது. வண்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன்:

"தள்ளுறதுக்கு ஆளக் கூட்டிட்டு வரட்டாப்பா? நான் கேட்டா எல்லாரும் வருவாங்க."