ஒன்றிலிருந்து நாலு வரை கவுன்சிலர் தூங்குகிறார்

கவுன்சிலர் ஆபீஸ் வேலை என்பது, ஊரிலுள்ள அத்தனை சாக்கடையையும் நாமே போய் அடைத்துவிட்டு வந்த மாதிரி திட்டு வாங்குகிற வேலை. உங்களில் எவராவது எம்.எல்.ஏ. வீட்டு வாசலிலோ, யூனியன் ஆபீஸ் மேஜையிலோ, கட்சி ஆபீஸ் டெலிபோன் பக்கத்திலோ கொஞ்ச காலம் குப்பை கொட்டியிருந்தால் நான் விளக்கவே வேண்டாம். வாங்க, பக்கத்தில் உட்காருங்க, சேர்ந்தே புலம்பலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் தாபோடிப் பக்கம், ஒரு மராத்திக் கவுன்சிலர் அம்மாளிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியதும் தேர்தலில் துணிந்து நின்று ஜெயித்தவர். வார்டே அவரை 'வஹினி' என்று கூப்பிடும், அதாவது அண்ணி. எனக்கும் அண்ணிதான். ஃபாக்டரிக் குடும்பங்களில் நம்ம தமிழ் ஆட்கள் நிறைய. அவர்கள் தமிழில் திட்டுவதை, கொஞ்சம் மரியாதை சேர்த்து, அண்ணிக்கு மராத்தியில் சொல்வதுதான் என் உத்தியோகம்.

மணமேடையில் ஆறுதல்

மே மாதம் இருக்கிறதே, அது கவுன்சிலர்களைக் கொல்வதற்கென்றே வருகிற மாதம். கல்யாணம், பெயர் வைக்கிற விழா, பத்தாம் நாள் காரியம், கிரிக்கெட் பரிசளிப்பு எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கும். எதற்காவது போகாமல் விட்டால் தீர்ந்தது, அந்தக் குடும்பத்து ஓட்டு மொத்தமும் கோவித்துக்கொள்ளும். அண்ணி ஒன்றுகூட விட மாட்டார். வண்டியிலேயே வடாபாவ் சாப்பிடுவது, வண்டியிலேயே புடவை மடிப்பு சரிபண்ணுவது, எல்லாம் வண்டியில்தான்.

அப்படி ஒரு நாள் காரிய வீட்டிலிருந்து நேராக ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கு ஓடினோம். அண்ணி மேடை ஏறினார். பெண்ணின் அம்மா கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, ஹிந்தியில், "தைரியமா இருங்க, நடந்தது நடந்துபோச்சு, நாங்கல்லாம் இருக்கோம்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. முழங்கையால் இடிக்கிறேன், அவருக்கு உறைக்கவே இல்லை. அந்தம்மா என்னைப் பார்த்தார். தள்ளி நின்ற சம்பந்தியம்மாளை ஒரு பார்வை பார்த்தார். அண்ணியின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டு என்னிடம் தமிழில் சொன்னார்: "இத்தனை பேர் வந்தாங்கம்மா, இவங்க ஒருத்தர்தான் என் மனசு தெரிஞ்சு பேசினாங்க!"

பேர், ஏரியா, கம்ப்ளெயிண்ட்

அண்ணியைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. போனை எடுத்தால் என் வாய் தானாகவே பேர், ஏரியா, கம்ப்ளெயிண்ட் மூன்றையும் கேட்டுவிடும். மூளைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு நாள் ஒரு ஆள் பேசினார். தெரிந்த குரலாச்சே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு என் பாட்டைப் பாடினேன். அந்தப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார்: "பேர் ஏழுமலை. ஏரியா தாபோடி. கம்ப்ளெயிண்ட் என்னன்னா, ஒரு மாசமா வீட்டுக்குப் பொண்டாட்டி சரியா வர்றதில்லை."

குழாயில் தண்ணி வந்த அன்றைக்கு

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம் என்றுதான் நானும் நினைத்தேன், அந்தக் குழாய் திறப்பு விழா வரைக்கும்.

தண்ணியையே பார்க்காத ஒரு சந்து. அதற்காக அண்ணி இஞ்சினியர் ரூம் வாசலில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மீட்டிங்கில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டிருக்கிறார். கடைசியில் குழாயில் தண்ணி கொட்டியது. பெண்கள் கத்துகிறார்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் வாரி இறைக்கிறார்கள், நானும் தொப்பலாக நனைந்துவிட்டேன். அண்ணி போட்டோவுக்குச் சிரித்தார். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பு பட்டென்று அணைந்துபோனது. ஒரு சாக்கடை மூடி போட்டதற்கே ஆபீஸ் முழுக்கப் பேடா வாங்கிக் கொடுத்த மனுஷி அவர்! "அண்ணி, ஜெயிச்சுட்டோமே!" என்றேன். என் பக்கம் திரும்பாமலே அவர் சொன்னார்: "அவங்க சந்தோஷப்படறது தெரியுது செல்வி, எனக்குத்தான் உள்ளே ஒண்ணுமே இல்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துடட்டுமா?"

டாக்டரும் ஓட்டர்தான்

மறுநாளே இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நாடி, பிரஷர் எல்லாம் பார்த்தார். உடம்பில் வியாதி எதுவும் இல்லை, ஆள் மொத்தமாகக் களைத்துப்போயிருக்கிறார், தினமும் கொஞ்ச நேரமாவது எவருடைய குறையும் இவர் காதில் விழக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நல்ல மனுஷர், பீஸ்கூட வாங்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்: "ஓய்வுதான் மருந்து, மறந்துடாதீங்க வஹினி. அப்புறம், வந்ததுதான் வந்தீங்க, இங்கே டிரெயினேஜ் பொங்குது, ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுங்களேன்."

ஒரு மணி ஷட்டர்

அண்ணியை வீட்டில் விட்டுவிட்டு, அவருக்குப் பிடித்தது ஏதாவது வாங்கலாம் என்று மிட்டாய்க் கடைக்கு ஓடினேன். கையில் பணத்தோடு நிற்கிறேன், கடைக்காரர் என் மூக்குக்கு நேரே ஷட்டரை இறக்குகிறார். "ஒரு மணி ஆச்சு, நாலு மணிக்கு வாங்க." மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை தூங்குவது இந்த ஊர்க் கடைக்காரர்களின் பிறப்புரிமை. ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த நம்ம சென்னைப் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்வார்கள், உள்ளூர்க்காரர் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எனக்கும் கோபம் கோபமாக வந்தது. வீடு போய்ச் சேருவதற்குள் கோபம் போய் யோசனை வந்தது.

'மதியம் 1 முதல் 4 வரை ஆபீஸ் மூடியிருக்கும்' என்று மராத்தியில் போர்டு எழுதி மாட்டினேன். கட்சிக்காரர்கள் குதித்தார்கள், தேர்தல் வரும் நேரத்தில் கதவைச் சாத்தினால் ஓட்டு போய்விடுமாம். "அண்ணியே போயிட்டா ஓட்டை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று நானும் கத்தினேன். அண்ணி உள் அறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

முதல் நாளே சோதனை. குல்கர்ணி என்று ஒரு ரிடையர்டு மனுஷர். தெருவிளக்கு கொஞ்சம் மங்கினாலும் வந்து ஆபீஸை இரண்டாக்கிவிடுவார். சரியாகத் தூக்க நேரத்தில் அவர் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜன்னல் இடுக்கில் பார்க்கிறேன். உள்ளே அண்ணியின் குறட்டை சன்னமாகக் கேட்கிறது. குல்கர்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்டைப் படித்தார். மறுபடியும் படித்தார். வாசலில் கையைப் பிசைந்துகொண்டிருந்த கட்சிக்காரரிடம் திரும்பிச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் இது ஒழுங்கான ஆபீஸ் மாதிரி இருக்கு."

கம்பத்தில் விளக்கு

கொஞ்ச நாளில் அண்ணி முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. நானும் ஷிப்ட் முடிந்து வருகிற வீட்டுக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன், அவர் கம்ப்ளெயிண்டை வாபஸ் வாங்கிக்கொண்டார். ராஜினாமா பற்றி மட்டும் அண்ணி மூச்சே விடவில்லை. கேட்கவும் எனக்குப் பயம்.

ஒரு சாயங்காலம் ரயில்வே லைன் ஓரத்துச் சந்தில் நடந்துகொண்டிருந்தோம். மாலை இல்லை, போட்டோ இல்லை, மின்சார ஆள் ஒருத்தர் கம்பத்தில் ஏறி பல்பை மாட்டினார், அவ்வளவுதான். விளக்கு எரிந்தது. பக்கத்தில் யாரோ கை தட்டுகிற சத்தம். பார்த்தால் அண்ணி! என் தோளைப் பிடித்து உலுக்கினார்: "செல்வி, எரியுது பாரு! அந்த மூலையில இன்னொண்ணு அணைஞ்சு கிடக்கு, வா, அதையும் ஒரு கை பார்த்துடலாம்!"

தினமும் மூன்று மணி நேரம் கவுன்சிலர் இல்லாமலேயே வார்டு சௌக்கியமாக நடந்தது என்கிற விஷயத்தை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் கட்சிக்காரர்கள் காதில் போடவே இல்லை.