சுண்டு விரலும் சூடான நெல்லும்: மாசிப் பனியில் திருத்துறைப்பூண்டி முதல் தஞ்சாவூர் வரை

தஞ்சாவூர்ப் பக்கம் குளிரா என்று ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மாசி மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு, இரண்டு பக்கமும் வயல் கிடக்கிற ரோட்டில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் பைக் ஓட்டி வந்து இறங்கி, சட்டைப் பொத்தானை ஒரே முயற்சியில் போட்டுக் காட்டினால் அவர்கள் பேச்சை ஒத்துக்கொள்கிறேன். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று சும்மா சொல்லவில்லை. மச்சையே துளைப்பது கையுறையை விட்டுவைக்குமா?

நான் போனது சுற்றுலாவுக்கு இல்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தஞ்சாவூரில் எனக்குத் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை. எட்டு மணிக்குள் ஹாலில் இருக்க வேண்டும். யூனியன் ஆபீசில் ஏழு வருடமாகத் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருக்கிறேன். நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க எனக்கு இன்னும் ஒரு வருடம்தான் வயது இருக்கிறது. அதற்கு இந்தச் சான்றிதழ் வேண்டும்.

அதற்கு முந்தின வருடம் பிப்ரவரியில் இதே பரீட்சைக்கு இதே பைக்கில் வெறுங்கையோடு போனேன். ஹாலில் உட்கார்ந்தபோது வலது சுண்டு விரல் கட்டை மாதிரி இருந்தது. தமிழ் மெஷினில் மெய்யெழுத்துப் புள்ளி அந்த விரலின் பொறுப்பு. பழைய மெஷின் வேறு, ஓங்கித் தட்டினால்தான் விழும். தாளில் பாதிக்குப் பாதி புள்ளியே இல்லை. ஃபெயில். ஆகஸ்டில் மகளுக்குக் காய்ச்சல், போகவே முடியவில்லை. இந்தத் தடவையும் விட்டால் வேலைக்கனவை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பஸ்ஸில் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பஸ் ஏறினால் மன்னார்குடி வருவதற்குள் வாந்தி எடுக்கும் பிறவி நான். வீட்டுக்காரர் மஸ்கட் போகும்போது விட்டுப்போன 125 சிசி பைக்தான் எனக்குக் கதி. துணைக்கு அடுத்த வீட்டு ஷகிலா அக்கா வந்தார். கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கிறார். தஞ்சாவூர்க் கீழவாசலில் சரக்கு எடுக்கிற வேலையும் அவருக்கு இருந்தது.

கையைக் காப்பாற்றும் திட்டம் முழுக்க அக்காவுடையது. முழங்கால் வலிக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தே பத்து வருடம் ஓட்டுகிறவர். கல் உப்பை வறுத்து, குழந்தைகள் போடும் சாக்ஸில் கட்டி, 150 ரூபாய்க்கு வாங்கிய என் கம்பளிக் கையுறைகளுக்குள் புறங்கைப் பக்கம் ஒவ்வொன்றாகச் செருகிவிட்டார். அதிகாலை 4.50க்குக் கிளம்பினோம். பெட்ரோல் 200 ரூபாய்க்கு முதல் நாளே போட்டாயிற்று.

கோட்டூர் வரை சொர்க்கம். அக்காவுக்குக் கோயில் கட்டலாமா, அவர் மார்க்கத்தில் அது ஆகாதே என்றெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கோட்டூர் தாண்டியதும் கை ஈரமானது. உப்பு பனியைக் குடிக்கும் என்பது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை. சமையலறையில் மூடாமல் வைத்த உப்பு நசநசத்துப் போவதைத் தினமும் பார்க்கிறவர்கள்தான் நாங்கள். மன்னார்குடி வந்தபோது மணி 5.40. கையுறையைப் பிழிந்தால் உப்புத் தண்ணீர். விரல் இடுக்கில் இருந்த வெடிப்பு எரிந்தது.

டீக்கடையில் ஆளுக்கு இரண்டு டீ சொன்னோம், ஒன்று குடிக்க, ஒன்று பிடிக்க. டீ 12 ரூபாய். ஈரக் கையுறை வெறுங்கையைவிட மோசம் என்பதால் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பினேன். பின்னால் அக்கா எனக்காக ஓதிக்கொண்டே வந்தார். திட்டம் சொதப்பிய குற்ற உணர்ச்சியும் அதில் கலந்திருக்கும்.

வடுவூர் நெருங்கும்போது 6.15. அறுவடை நேரத்தில் இந்தப் பாதையில் பாதி ரோடு நெல்லுக்கு, பாதி நமக்கு. ஒரு திருப்பத்தில் திடீரென்று குவியல் தெரிந்தது. கிளட்சைப் பிடிக்க விரலுக்கு உத்தரவு போனது; விரல் கேட்கவில்லை. பிரேக்கைக் காலால் மிதித்து, வண்டி அணைந்து, எப்படியோ நின்றது. கையைப் பார்த்தேன். சுண்டு விரல் வெளுத்துப்போயிருந்தது. போன வருடம் நடந்தது அப்படியே திரும்ப நடக்கிறது என்று புரிந்ததும் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நெல்லுக்குக் காவல் இருந்தவர் தலையில் மஃப்ளரோடு எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். கொள்முதல் நிலையத்தில் முறைக்காக நாலு நாளாகக் காத்திருக்கிறாராம். அக்கா விஷயத்தைச் சொல்லி, கொஞ்சம் வைக்கோல் கொளுத்தித் தர முடியுமா என்று கேட்டார். நெல் பக்கத்தில் நெருப்பு வைக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, குவியலை மூடியிருந்த தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினார்.

“கைய உள்ள விடுங்கம்மா. முழங்கை வரைக்கும் விடுங்க.”

விட்டேன். உள்ளே வெந்நீர்ப் பானைக்குள் கை வைத்த மாதிரி ஒரு சூடு. மெஷினில் அறுத்த ஈர நெல்லை மூடி வைத்தால் அது தானாகச் சூடேறும் என்றார். முதலில் விரல்கள் வலித்தன, பிறகு குறுகுறுத்தன, பிறகு என் விரல்களாயின. நெல்லுக்குள்ளேயே டைப்ரைட்டிங்கின் முதல் பாடமான ‘யளனக’ அடித்துப் பார்த்தேன். அக்காவும் சும்மா இல்லாமல் அந்தப் பக்கம் போய்க் கையை விட்டுக்கொண்டார்.

பத்து நிமிடம் ஆனதும் இடம் மாறிக்கொண்டோம். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது.

“அண்ணே, நான் மொதல்ல வச்ச எடம் ரொம்பச் சூடா இருக்குங்க. இந்தப் பக்கம் அவ்வளவு இல்ல,” என்றேன்.

அவர் வந்து அந்தச் சூடான இடத்தில் கையை விட்டார். முகம் மாறிவிட்டது. பனிக்குப் பயந்து மூன்று நாளாகத் தார்ப்பாயைப் பிரிக்கவில்லையாம். கொஞ்சம் சூடு இருக்கும் என்று தெரியும். இந்தப் பக்கம் இவ்வளவு ஏறியிருக்கும் என்று நினைக்கவில்லை. இப்படியே கிடந்தால் நெல் நிறம் மாறிப் பழுத்துப்போகும், ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த நாள் அவர் முறை.

“எங்களுக்கு இது தலைவலி, உங்களுக்கு ஒத்தடமாப் போச்சு,” என்றார். “நல்லவேளை சொன்னீங்க. வெயில் வந்ததும் இந்தப் பக்கத்தத்தான் மொதல்ல கிளறணும். நீங்க கிளம்புங்க, நேரமாவுது.”

மணி 6.50. அக்கா தன் கம்பளிச் சால்வையை இரண்டாகக் கிழித்து என் இரண்டு கையிலும் சுற்றிக் கட்டினார். மெதுவாக ஓட்டி 7.40க்கு ஹால் வாசலில் இறங்கினேன். என் மீட்டரில் மொத்தம் 66 கிலோமீட்டர். நெல் சுணை பட்டு முழங்கை வரை அரித்தது. அரிப்பது தெரிகிற விரல் உயிரோடு இருக்கிற விரல் என்று சொறிந்துகொண்டே உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் தாளை முடித்தேன். எடுத்துப் பார்த்தபோது புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

மதியம் ஒன்றரைக்கு அதே வழியில் திரும்பினோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் நெல்லை ரோட்டோரம் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். தூரத்திலேயே கையைத் தூக்கிப் புள்ளி எல்லாம் விழுந்தது என்று கத்தினேன். அவருக்குப் புள்ளி விவகாரம் தெரியாது, ஆனாலும் சிரித்தார். ஒரு பிடி நெல்லை அள்ளி என் கையில் வைத்தார். சூடு ஆறியிருந்தது.

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். விண்ணப்பமும் போட்டுவிட்டேன்.

குளிர்காலத்தில் இந்தப் பக்கம் பைக்கில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெறும் கம்பளிக் கையுறை இருபது நிமிடத்தில் நனைந்துவிடும். தலைச்சாயப் பெட்டியில் இலவசமாக வரும் பிளாஸ்டிக் கையுறையை அடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரில் மாட்டுகிற ரெக்சின் உறை தஞ்சாவூரில் 280 ரூபாய், நான் பரீட்சை முடிந்த பிறகு புத்தி வந்து வாங்கினேன். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்திக் கையைக் கக்கத்தில் வையுங்கள். உப்பு ஒத்தடம் முழங்காலுக்கு மட்டும். சுடுகிற நெல் குவியல் வழியில் கிடைத்தால், உடையவரைக் கேட்காமல் தார்ப்பாயைத் தூக்காதீர்கள். அவர் சரி என்றால் கையை விடுங்கள். எடுத்ததும், உள்ளே எவ்வளவு சூடு இருந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.