கன்டெய்னர் வரிசையில் நின்றுபோன கார்

எண்ணூரிலிருந்து ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின் சீட்டில் அம்மா. டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளிப்போனாலே அவளுக்கு மூச்சு இரைக்கும். அன்றைக்கு ஏற்கெனவே ஒரு நாள் தள்ளிப்போயிருந்தது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிரேக்கை மிதித்தேன். கார் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. சாவியைத் திருப்பினால் பிடிக்கிறது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மறுபடி அணைகிறது.

பின்னால் டிரெய்லர். கிட்டே நிற்கும் சின்ன வண்டி, உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுபவன் கண்ணுக்குத் தெரியாது என்று, டிரெய்லர் ஓட்டும் என் அப்பா, நைனாவே சொல்லியிருக்கிறார். இறங்கி ஓடிப்போய்க் கையை ஆட்டினேன்.

"இன்னா, வூட்ல சொல்ட்டு வந்துட்டியா?" என்று கத்தினார் டிரைவர்.

"அவன் வூடே இங்கதான்பா குந்திக்கினு கீது!" என்றாள் அம்மா ஜன்னல் வழியே. சிரிக்கப்போய் இருமினாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எது ரிப்பேரானாலும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பானெட்டைத் திறந்தபோது படித்தது எதுவுமே ஞாபகம் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது: இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார் தப்பாகச் சொன்னால் பெட்ரோல் அளவும் தப்பிவிடும். அதன் ஒயரைக் கழற்றிவிட்டால் இன்ஜின் ஓர் உத்தேசக் கணக்கில் ஓடும். விரல் இரண்டு தடவை வழுக்கியது. கழற்றினேன். சாவியைத் திருப்பினேன். கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது, காலை எடுத்தும் இன்ஜின் அணையவில்லை.

அம்மாவை மெஷினில் சேர்த்துவிட்டு வந்து சென்சாரை வெளியே எடுத்தேன். முடி போன்ற கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் கரித்தூள். காற்றை வடிகட்டும் ஃபில்டர் காகிதமும் எண்ணெயில் ஊறியிருந்தது. நைனாவுக்குப் போன் போட்டேன்.

"நான்தான்டா ஃபில்டர்ல எண்ண ஊத்தினேன். நம்ம பக்கத்துக் கரி உள்ள பூந்துடுமேன்னு. பழைய லாரில ஆயில்தான தூச புடிக்கும்?"

"இது பேப்பரு நைனா. எண்ண சென்சார்ல ஏறிக்கிச்சு."

"நடு ரோட்லயா நின்னுச்சு? ஒங்கம்மா உள்ள இருக்கசொல்லோவா?" என்றார்.

கம்பியைத் தொட்டால் அறுந்துவிடும். கடையில் வாங்கிய, சென்சார் கழுவும் ஸ்பிரேயை எட்ட நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தேன். காயவிட்டு, புது ஃபில்டர் போட்டு, சென்சாரை ஒயரோடு மாட்டினேன். இன்ஜின் சீராக ஓடியது. மஞ்சள் விளக்கு மட்டும் போகவில்லை. நாலைந்து நாள் ஓட்டினால் தானாக அணையும் என்று தெரியும், தெரிந்தும் பயம்.

திரும்பும்போதும் லாரி வரிசை. அசதியில் அம்மா தூங்கிவிட்டாள். நிற்கும் இடத்திலெல்லாம் இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள்ளையே பார்த்தேன். அது விழவில்லை. ஆனாலும் எண்ணூர் வரும்வரை, நின்றால் கால் பிரேக்குக்குப் பதில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேனே தவிர, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.