நட்சத்திர ஆமை எங்கே கிடைக்கும்

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு அது. அதன் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் படத்தைப் போட்டேன். நட்சத்திர ஆமைகளைப் பிடித்துக் கள்ளத்தனமாக விற்பதைப் பற்றிய படம். கேமரா நான், எடிட்டிங் நான், குரோம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் புரொஜெக்டரைக் கட்டிக்கொண்டு வருவதும் நான். படம் முடிந்ததும் எழுந்து நின்று எல்லோரையும் திட்டுவேன். அதற்காகவே கூப்பிடுகிறவர்களும் உண்டு.

படத்தில் எல்லோரும் சிரிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஆமை விற்கிற கடைக்கு நானே வாங்குகிறவள் போலப் போய், போனை மறைத்து வைத்து எடுத்தது. "ஸ்டார் இருக்கா அண்ணா?" என்று கேட்பேன். கடைக்காரனின் முகத்தை மங்கலாக்கியிருந்தேன். குரலையும் கடை இருக்கிற தெருவையும் அப்படியே விட்டுவிட்டேன்.

"இன்னாத்துக்குக்கா? வூட்ல வைக்கவா, கிஃப்ட்டா? ராசியான சரக்குக்கா. கொரைக்காது, கடிக்காது, கீழ் வூட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டான்."

அன்றைக்கும் சிரித்தார்கள். கடைசியில் ஆமையின் முகம் திரை முழுக்க வரும். 'இதை யார் காப்பாற்றப் போகிறார்கள்?' என்று என் குரல் கேட்கும். அதற்கப்புறம் சிவப்பு எழுத்தில், 'வீட்டில் வைத்திருந்தாலே சிறை' என்று வரும். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு அக்கா. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சில வாரம் கழித்து அந்த அக்கா போன் செய்தார். "மேடம், ஒரு சர்ப்ரைஸ். உடனே கிளம்பி வாங்க."

இன்னொரு தடவை படம் போடச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வாசலிலேயே நின்றார்கள். நேராகக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீல பிளாஸ்டிக் டப்புக்குள் ஒரு நட்சத்திர ஆமை. ஓட்டின் மேல் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு தட்டில் தயிர்சாதம்.

"காப்பாத்திட்டோம் மேடம்!" என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை. அவர் வீட்டுக்காரர் உற்சாகமாகச் சொன்னார். "உங்க படத்துல வர்ற மாதிரியேதான் கேட்டேன். ஸ்டார் இருக்கா அண்ணான்னு. மொதல்ல மொறைச்சான். நான் அசரல. பாவம் மேடம், சாக்ஸுக்குள்ள திணிச்சு வெச்சிருந்தான்."

"காசு குடுத்தா வாங்கினீங்க?"

"பின்ன, சும்மாவா குடுப்பான்? யாரு காப்பாத்தப் போறாங்கன்னு நீங்க கேட்டீங்க. இவ வீட்டுக்கு வந்தும் அழுதுகிட்டே இருந்தா."

உங்களை மாதிரி முட்டாள்கள் வாங்குவதால்தான் அவன் இன்னும் பத்து பிடிக்கிறான் என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் என் படம் ஞாபகம் வந்தது. காசு கொடுத்து மீட்பதும் வியாபாரம்தான் என்று அதில் ஒரு வரி கிடையாது. எங்கே, எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. நான் எடுத்து வைத்திருந்தது ஒரு விளம்பரம்.

குனிந்து பார்த்தேன். ஆமை கண்ணைத் திறக்கவில்லை. மூக்கில் நுரை குமிழ் விட்டது. குளிர்ந்த குளியலறையில் கிடந்ததில் நுரையீரல் கெட்டிருக்க வேண்டும்.

"ஜலதோஷம்தான். விக்ஸ் தடவலாமான்னு பாத்தேன்" என்றார் அக்கா.

"ஒண்ணும் தடவாதீங்க. இப்பவே வனத்துறை ஆபீஸுக்குக் கொண்டுபோகணும். லேட் பண்ணா செத்துடும்."

வீட்டுக்காரரின் முகம் மாறியது. "ஆபீஸெல்லாம் வேணாம் மேடம். வெச்சிருந்தாலே ஜெயில்னு சிவப்புல போட்டிருந்தீங்களே. படத்தைத் திரும்ப ஒருவாட்டி போன்ல பாத்தேன். அதுல இருந்து தூக்கமே இல்ல. அதான் மொதல்ல பெருச விட்டுட்டேன்."

"எந்தப் பெருச?"

"ஜோடியாத்தான் வாங்கினோம். தனியா இருந்தா ஏங்கிடும்னான் கடைக்காரன். காலைல வாக்கிங் போறப்ப ஏரியில விட்டேன். ஜம்முனு உள்ள போயிடுச்சு."

எனக்கு எதையும் பக்குவமாகச் சொல்லத் தெரியாது. "அது நீந்தாது சார். தரையில வாழ்ற ஆமை. தண்ணியில போட்டா மூழ்கிச் செத்துடும்" என்றேன்.

அக்கா மெதுவாகக் கேட்டார். "உங்க படத்துல தண்ணியில நின்னுச்சே மேடம்?"

நின்றது. மழைக்குட்டையில் தண்ணீர் குடிக்கிற ஆமை. மண்ணில் வயிறு பதியப் படுத்து, லென்ஸைத் தரையோடு வைத்து எடுத்தேன். அந்தக் கோணத்தில் ஓரடி அகலக் குட்டை பெரிய ஏரியாகத் தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் அங்கே படுத்தேன்.

பெரியது கரையோரம் எங்காவது ஒதுங்கியிருக்கலாம் என்று, அக்காவை ஆமையோடு வீட்டில் விட்டுவிட்டு, நானும் வீட்டுக்காரரும் ஏரிக்குப் போனோம். கரையில் ஓர் இடத்தைக் காட்டினார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு செருப்போடு இறங்கினார். நானும் இறங்கினேன். ஆகாயத்தாமரையை விலக்கி விலக்கிச் சேற்றில் கையை விட்டுத் துழாவினோம். உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் தேங்காய் ஓடு.

கரையில் ஒரு ஆள் வண்டியை நிறுத்தினான். "இன்னா சார், செல்லு வுழுந்துடுச்சா?"

"ஆமாம்பா" என்றார் அவர்.

"சேத்துக்குள்ள பூட்ச்சுன்னா வராது சார். வுடு, புதுசு வாங்கிக்கோ." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

கிடைக்கவில்லை. கரையேறி உட்கார்ந்ததும், "கொன்னுட்டேனா மேடம்?" என்றார். நீங்கள் இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். "வாங்க சார், இருக்கறதையாவது கொண்டுபோலாம்" என்றேன்.

வனத்துறை அலுவலகத்தில் நான் பயந்ததுபோல் ஆகவில்லை. தானாகக் கொண்டு வந்ததால் வழக்கு வேண்டாம் என்றார் அதிகாரி. டாக்டரிடம் அனுப்புவதாகவும், பிழைப்பது சந்தேகம்தான் என்றும் சொன்னார். ஆமை எங்கே கிடைக்கும் என்பது எப்படித் தெரிந்தது என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. "யாரோ சொன்னாங்க சார்."

அந்தக் கருணையை என்னால் தாங்க முடியவில்லை. "என் படத்துல பாத்துதான் சார் போனாங்க. நான்தான் வழி காட்டினேன். எழுதிக்கோங்க."

அதிகாரி நிமிர்ந்தார். "அந்த ஆமைப் படமா? உங்களுதா? என் பொண்ணு ஸ்கூல்ல போட்டாங்க மேடம். சூப்பர். இந்த மாதிரி நிறைய எடுங்க."

"எழுதிக்கோங்க சார்."

"விளையாடாதீங்க மேடம்" என்று சிரித்தார். வீட்டுக்காரரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சிறியதும் பிழைக்கவில்லை. அக்காதான் போனில் சொன்னார். நான் சொல்ல வேண்டிய சேதி அது. என்னைத் தேற்றும் குரலில் அவர் சொன்னார்.

படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் நிற்கவில்லை. யாரோ முன்பே போனில் இறக்கி வைத்து, சிவப்பு எழுத்தை வெட்டிவிட்டு, கடைக்காரன் பேசுகிற துண்டையும் ஆமை முகத்தையும் மட்டும் ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். போன வாரம் என் சித்தியே எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: 'எவ்ளோ அழகு பாரு, நம்ம வீட்டு பால்கனியில வளருமா?'