சார்ஜண்ணன் போட்ட கையெழுத்து

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், ஒரு மத்தியானம் நான் வராந்தாச் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். போன் காலையிலேயே செத்துப்போயிருந்தது. மகளுக்கு அன்றைக்குப் பரீட்சை. முடித்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவள் கூப்பிட்டுத்தான் விழித்தேன். போன் என் மடியில் இருந்தது, நூறு காட்டியது. கீழே விழுந்து கிடந்ததை ஒருவர் எடுத்துப்போய் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சொன்னார்கள். யார் என்று கேட்டேன். கண்ணால் காட்டினார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வராந்தா முனையில் திரும்பிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரரை ஆண்டவன் அழைத்துக்கொண்ட பிறகு அதே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதுதான் அவரை முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

இருபத்தாறு வருடம் அந்த வண்டியைத் தள்ளியவர். வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். வண்டிச் சக்கரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு வைத்திருப்பார். "நோயாளி காதுக்குப் பக்கத்துல கீச்சுன்னு கத்தினா, எமன் வர்றான்னு நினைச்சுக்குவாங்க" என்பார். மனைவி இல்லை. ஒரே மகள், வேறு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். சிலிண்டர் அறைக்கு வெளியே, படிக்கட்டுக்குக் கீழே, எட்டு ஓட்டை உள்ள ஒரு சார்ஜ் பலகையைத் தன் செலவில் மாட்டியிருந்தார். நோயாளிகளோடு வந்தவர்கள் அங்கே போனைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எது யாருடையது என்று எழுதி வைக்கமாட்டார். ஆனால் ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லை. அதனால்தான் அவருக்குச் சார்ஜண்ணன் என்று பேர்.

சிலிண்டர் அறையின் பொறுப்பு வேறொருவருடையது. நாங்கள் அவரை ஸ்டோர் தம்பி என்போம். அவரும் முதலில் வண்டி தள்ள வந்தவர்தான். மேலே சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததே சார்ஜண்ணன்தான். இரண்டு வருடம் ஒரே டிபன் பாக்ஸில் பாதிப் பாதி சாப்பிட்டார்கள். தம்பி பிறகு தபாலில் படித்து, பரீட்சை எழுதி, ஸ்டோருக்கு உயர்ந்தார். சந்தோஷப்பட்டதில் அண்ணன்தான் முதல் ஆள். "நம்ம தம்பி நாற்காலியில உக்காந்துட்டான்" என்று வார்டு வார்டாகச் சொல்லிக்கொண்டு போனார்.

தினமும் காலையில் அறையைத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, நிறைந்ததை ஒரு வரிசையிலும் காலியை ஒரு வரிசையிலும் நிறுத்துவது தம்பியின் வேலை. நிறைந்த வரிசையிலிருந்து எடுத்து வண்டியில் ஏற்றித் தள்ளுவது அண்ணன் வேலை. ஒரு வாரம் தம்பி மனை பார்க்கிறேன், வீடு பார்க்கிறேன் என்று அலைந்தார். வந்ததும் திறந்துவிட்டுப் போய்விடுவார். போகும்போது சாவி அவர் இடுப்பிலேயே போகும். அந்த அறையைத் துடைக்கிறவள் நான், கண்ணால் பார்த்தேன்.

ஒரு வியாழக்கிழமை, ஸ்கேன் எடுக்கப் போன ஒரு நோயாளிக்குப் பாதி வழியில் மூச்சு நின்றதுபோல் ஆகிவிட்டது. நிறைந்த வரிசையில் நின்ற சிலிண்டர், ஆனால் உள்ளே காற்று இல்லை. நர்ஸ் ஓடி வேறு கொண்டுவந்தார். ஆண்டவன் புண்ணியத்தில் அந்த மனிதர் பிழைத்தார். ஆனால் அவருடைய மகன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். விசாரணை வரும் என்று பேச்சு.

மறுநாள் காலையில் தம்பி ஒரு பேப்பரோடு படிக்கட்டுக்குக் கீழே வந்தார். நான் அங்கேதான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, சார்ஜ் பலகையை எடுக்கச் சொல்லிடுவாங்கபோல இருக்கு. உங்க பேருக்கு சார்ஜ்னு ஒரு பேப்பர் போட்டுட்டா யாரும் கேக்க முடியாது. இதுல ஒரு கையெழுத்து."

பேப்பர் முழுக்க இங்கிலீஷ். அண்ணனுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான். ஆனால் சார்ஜ் என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் இங்கிலீஷில் தெரியும். சார்ஜர் டப்பாக்களில் பார்த்துப் பார்த்துப் பழகியது. விரலை வைத்து அதைக் கண்டுபிடித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமா, போட்டிருக்கு. தேதி ஒண்ணுன்னு இருக்கே? இன்னைக்குப் பதினாறு இல்ல?"

"மாச ஆரம்பம்ணே. எல்லாப் பேப்பரும் அப்படித்தான் போடுறது."

"நீ சொன்னா சரிப்பா."

என் துடைப்பக் கட்டையின் மேல் பேப்பரை வைத்து எழுத வராது என்று சிரித்து, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பதினொரு நாள் கழித்து இன்னொரு பேப்பர் வந்தது. அதிலும் அதே வார்த்தை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, பலகைக்குச் சீல் வச்ச பேப்பரே வந்திருக்கு."

எனக்கு அஞ்சாங்கிளாஸ்தான். அவரைப் பதினோராம் கட்டிலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே காலில் கட்டோடு இருந்தவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நான் துடைத்த தரையிலேயே பிழை கண்டுபிடிக்கிற ஆள். இரண்டு பேப்பரையும் வாங்கிப் படித்தார். முதல் பேப்பரை இன்னொரு தடவை படித்தார்.

"முதல் பேப்பர்ல, ஒண்ணாந்தேதியிலிருந்து சிலிண்டர் ரூம் பொறுப்பு உங்களோடதுன்னு ஒத்துக்கிட்டிருக்கீங்க. ரெண்டாவது, அந்தப் பொறுப்புல தவறிட்டீங்கன்னு குற்றச்சாட்டு."

"இல்லங்க, சார்ஜுன்னுதானே போட்டிருக்கு?"

"பொறுப்பும் சார்ஜ்தான். குற்றச்சாட்டும் சார்ஜ்தான். பஸ்ஸுக்குக் குடுக்கிறதும் அதுதான், போலீஸ் கம்பை எடுத்துக்கிட்டு ஓடிவர்றதும் அதுதான்."

"ஒரே வார்த்தைக்கு இத்தனை வேலையா?"

"ஆதியில ஒரே வேலைதான். வண்டிக்கு லத்தீன்ல ஒரு பேரு. கார்னு சொல்றோமே, அதுவும் அங்கேயிருந்து வந்ததுதான். அந்த வண்டியில சுமை ஏத்துறதுதான் சார்ஜ். அப்புறம் பீரங்கியில மருந்து ஏத்தினாங்க, போன்ல கரண்ட் ஏத்தினாங்க, ஆள் தலையில வேலையை ஏத்தினாங்க, பழியை ஏத்தினாங்க."

அண்ணன் பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இருபத்தாறு வருஷமா நான் ஏத்தினேன். இப்ப என்னையே வண்டியாக்கிட்டான்" என்றார்.

விசாரணையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிடாமலே நானும் போய் நின்றேன். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன். "ஐயா, அந்த வாரம் முழுக்கச் சாவி ஸ்டோர்க்காரர்கிட்டதான் இருந்துச்சு. நான் தினம் பார்த்தேன்."

நடுவில் இருந்தவர் பேப்பரைத் தட்டிக் காட்டினார். "சாவி யார்கிட்ட இருந்தா என்னம்மா? சார்ஜ் யார்கிட்ட?"

தம்பியிடம் கேட்டார்கள். அவர் நிமிரவேயில்லை. "இவர் ஒண்ணாந்தேதியே பொறுப்பு எடுத்துக்கிட்டார் சார்" என்றார். இவர். அந்த ஒரு சொல் கேட்டபோதுதான் அண்ணனின் இறங்கிய தோள் இன்னும் இறங்கியது.

வெளியே வந்ததும் அண்ணன் தம்பியின் வழியில் நின்றுகொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டே கையெழுத்து வாங்கினியேப்பா. பலகையைச் சொல்லி வாங்கினியே. வேற எதையாவது சொல்லி வாங்கியிருக்கக்கூடாதா?"

"எனக்கும் குடும்பம் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுத் தம்பி விலகிப்போனார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "கேட்டியா தங்கச்சி, சார் ஆயிட்டேன். ஒரு எழுத்து சேர்த்தா சார்ஜ் ஆயிடும்." சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

வேலை போயிற்று. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. அன்றைக்கே பதினோராம் கட்டில்காரரும் வீட்டுக்குப் போனார். "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல டிஸ்சார்ஜ். ஏத்தினதை இறக்கி வைக்கிறதுன்னு அர்த்தம்" என்று ஆறுதலாகச் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். அவர்மேல் ஏற்றியது எதுவும் இறங்கினதாக எனக்குத் தெரியவில்லை. கவனக்குறைவால் ஓர் உயிரை ஆபத்தில் வைத்தவர் என்று எழுதிய காகிதத்தோடுதான் மகள் ஊருக்குப் போனார். சம்பளம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மருமகன் படிச்சவர், அந்தக் காகிதத்தைப் படிச்சுடுவாரே" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

போன மாதம் அந்த மகள் கூப்பிட்டு, அப்பா போய்விட்டார் என்று சொன்னாள். காகிதத்தை மருமகன் படித்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தினமும் அவருக்காக வேண்டிக்கொள்கிறேன். அந்தத் தம்பிக்காகவும் வேண்டிக்கொள்ளப் பார்க்கிறேன். அந்த இடம் வரும்போது நாக்கு நின்றுவிடுகிறது. அதையும் ஆண்டவனிடமே சொல்லிவிட்டேன்.

அண்ணனை நான் கடைசியாகப் பார்த்தது படிக்கட்டுக்குக் கீழேதான். தோளில் ஒரு பை. எல்லாருடைய போனையும் அவரவர் கையில் கொடுத்து முடித்திருந்தார். பலகையில் ஒன்றே ஒன்று மாட்டியிருந்தது. யாருடையது என்று அதன் நீல உறையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். பலகையை எனக்கு விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். நான்காவது ஓட்டை லூசு, பின்னைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால்தான் ஏறும் என்றார். பிறகு அந்த நீல உறையைப் பார்த்தார். கை போகவில்லை.

"அது ஸ்டோர்க்காரரோடது. நிறைஞ்சதும் நீ கழட்டிக் குடுத்துடு தங்கச்சி. நான் தொட்டா, அதுக்கும் ஒரு பேப்பர் வரும்."