தேங்காய் சொன்ன நைட்ரேட்

ஒரு தேங்காயால் மீன் தொட்டித் தண்ணீரைச் சோதிக்க முடியும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் சிரிப்பீர்களா, தட்சணை எடுத்து நீட்டுவீர்களா? அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நன்றாகப் படித்த குடும்பம் ஒன்று தட்சணையே கொடுத்தது.

கொண்டப்பநாயக்கன்பட்டி சுகன்யாவுக்கு வேலை, பணக்கார வீடுகளில் உப்புத்தண்ணீர் மீன் தொட்டிகளைப் பராமரிப்பது. கடலுக்கும் ஊருக்கும் இருநூறு கிலோமீட்டர். இடையில் இருக்கும் தூரத்தை அவள் ஸ்கூட்டரில் வாளியும் உப்புமாகச் சுமந்து ஈடுகட்டினாள். எட்டு வீடுகள். ஒன்று, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி ஜெகதீஸ்வரனுடையது; மற்ற ஏழும் அவர் சொல்லிக் கிடைத்தவை. அவர் வேண்டாம் என்றால் மற்ற ஏழு பேரும் வேண்டாம் என்பார்கள்.

அன்று அவள் உள்ளே நுழைந்தபோது அவர் வீட்டுத் தொட்டியில் இரண்டு மீன்கள் செத்திருந்தன. மிச்சமிருந்த கோமாளி மீன் மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கியது. தொட்டியைச் சுற்றி, சட்டைப்பையில் தட்சணையும் உள்ளங்கையில் தேங்காயுமாக நடந்துகொண்டிருந்தார் சின்னுசாமி. ஜெகதீஸ்வரன் போர் போடுவதற்கு, தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் நீரோட்டம் என்று பார்த்துச் சொல்கிறவர் அவர்தான்.

தேங்காய் எழுந்து நின்றது.

“பொம்பளப் புள்ள கை பட்ட தண்ணீங்க. மீனுக்கு ஒத்துக்கல. ஆள மாத்துங்க” என்றார்.

“அப்பிடிங்களா மாமா!” என்ற முதலாளி சுகன்யாவிடம் திரும்பினார். “அம்மிணி, கணக்க முடிச்சுக்கலாமா?”

சுகன்யா தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து மருந்துத் துளிகளை விட்டாள். சில நிமிடங்களில் தண்ணீர் அடர்சிவப்பானது. போன மாதம் பத்தில் இருந்த நைட்ரேட் எண்பதைத் தாண்டியிருந்தது. மீன் கழிவு அழுகினால் கடைசியில் மிஞ்சும், அளவு மீறினால் மீனுக்கு ஆகாத சமாச்சாரம் அது.

பிறகு சமையலறையிலிருந்து மூன்று டம்ளர்களை வாங்கி, யாருக்கும் தெரியாமல் நிரப்பி வரிசையாக வைத்தாள்.

“ஏனுங்க பெரியவரே, ஒண்ணுல இந்தத் தொட்டித் தண்ணி. மத்த ரெண்டும் நான் புதுசாக் கரைச்ச உப்புத் தண்ணி. எது மீனக் கொன்ன தண்ணின்னு தேங்காயக் கேட்டுச் சொல்லுங்க.”

தேங்காய் மூன்றுக்கும் எழுந்து நின்றது.

“இன்னைக்கு நல்ல வேகமா இருக்குது” என்றார் சின்னுசாமி, நெற்றியைத் துடைத்தபடி.

சுகன்யா தொட்டிக்கு அடியில் குனிந்து ஃபில்டர் பெட்டியைத் திறந்தாள். வலைப்பைக்குள் நுண்துளைக் கற்கள் புதிதாக வாங்கியவை போலப் பளபளத்தன. முடிச்சில் ஒரு சாமந்திக் காம்பு. வலையெங்கும் குங்குமக் கறை.

“அக்கா, இத யாருங்க எடுத்தது?”

ஜெகதீஸ்வரனின் மனைவி தனப்பிரியா பெருமையாகச் சொன்னாள்: “நாந்தான். ஆயுத பூசைக்கு ரிக்கு, காரு, கிரைண்டரு எல்லாத்தையும் கழுவுனமா? இது மட்டும் ஒரே வழுவழுப்பு. சோப்புப் போட்டுத் தேச்சு ரெண்டு நாளு மொட்டமாடி வெயில்ல காய வச்சு, பொட்டு வச்சுத்தான் உள்ள போட்டேன்.”

“அந்த வழுவழுப்புதானுங்க அக்கா வேலைக்காரங்க. கல்லுக்குள்ள காத்து போகாத ஓட்டையில கோடிக்கணக்குல கிருமி உக்காந்து நைட்ரேட்டத் தின்னு காத்தா மாத்துது. அத்தனையும் கொன்னுட்டு அதுக்குப் பொட்டு வேற வச்சிருக்கீங்க.”

“நம்மூட்டு ரிக்கு அப்பிடிக் கழுவுனா நல்லாத்தான ஓடுது?” என்றார் ஜெகதீஸ்வரன் பரிதாபமாக.

“ரிக்குக்கு உசுரு இல்லீங்கண்ணா.”

சின்னுசாமிக்கு மேச்சேரியில் அவசர வேலை இருந்தது திடீரென நினைவுக்கு வந்தது. முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. “இப்ப என்ன பண்ணணும்?” என்று மட்டும் கேட்டார். கற்களில் கிருமிகள் திரும்பக் குடியேற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டும், தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும், ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கூலி என்றாள் சுகன்யா. தலையாட்டினார். எட்டு வீடுகளும் தப்பின. கோமாளி மீன் நான்காம் நாள் தீனி எடுத்தது.

அளந்து பார்க்க ஒரு குழாயும் சில துளிகளும் இருந்தபோதே, ஒரு பெண்ணின் கைமேல் பழி எவ்வளவு சுலபமாக விழுந்தது பார்த்தீர்களா? உங்கள் வீட்டில் ஏதாவது கெட்டுப்போய், வேலைக்கு வருகிறவரை நிறுத்திவிடலாம் என்று வாய் திறக்கும் முன், தயவுசெய்து அவரை உட்காரவைத்து, “நீங்க என்ன பாத்தீங்க?” என்று ஒரு முறை கேளுங்கள்.